மக்கள் பாட்டே வரலாறு: மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை

மன்னர்களின் கொடையைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சொல்லும். தேயிலை மலைகளில் உழைத்து மடிந்த ஏழை மக்களுக்குக் கல்வெட்டு ஏது? செப்பேடு ஏது? வாய்ப்பாட்டு ஒன்றே அவர்கள் விட்டுச் சென்ற சாசனம். அதைச் சாசனமென்றே மதித்துத் திரட்டி வைத்த பெருமகனார், இலங்கை மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய மக்களின் வழிவந்த நாம், அன்னாரின் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

அவர் 14-9-1914 அன்று நுவரெலியா மாவட்டத்தில், மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றார். தாகூரின் கவிதையில் தோய்ந்து ஆங்கிலத்திலேயே எழுதவும் தொடங்கினார். அத்தகைய கல்வி பெற்றவர்கள் லயத்து வாழ்வை மறந்து நகரத்தோடு ஒன்றிவிடுவது இயல்பு. இவரோ லயத்தை மறக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பாடிய இவருடைய ஆங்கிலக் கவிதையைச் சக்தீ பாலையா அவர்கள் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் பெயரில் தமிழாக்கினார். ‘வீடற்றவன்’, ‘இனிப் படமாட்டேன்’ முதலிய நாவல்களும் இவர் படைத்தவையே.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தலவாக்கொல்லைத் தொகுதியின் உறுப்பினராக அவ்வெழுவருள் ஒருவராய் விளங்கினார் நம் கவிஞர். ஆனால் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பலரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் குரல் பாராளுமன்றத்தில் அடங்கிப் போயிற்று. அதன் பின்னரும் கவிஞர் தொழிற்சங்கப் பணியைக் கைவிட்டாரல்லர்.

வாக்குச் சீட்டு பறிபோன மக்களிடம் பறிக்க முடியாத பொருள் ஒன்று இருந்தது. அதுவே பாட்டு. அதிகாலையில் தப்பு முழங்கப் பிரட்டுக்களத்தில் கூடியவர்கள், கொழுந்துக் கூடை சுமந்து மலையேறியவர்கள், கங்காணியின் கடனில் சிக்கித் தவித்தவர்கள், பிள்ளையைத் தூளியிலிட்டு வேலைக்கு ஓடிய தாய்மார்கள் ஆகிய எல்லோருக்கும் பாட்டு இருந்தது. கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோரின் துயரமும் பாட்டாயிற்று. தோட்டத்துக் கணக்கேட்டில் அவர்கள் வெறும் பேரும் சம்பளமுமாக இருந்தனர். பாட்டிலோ அழுதும் சிரித்தும் எதிர்த்துப் பேசியும் மனிதராக வாழ்ந்தனர்.

இவ்வுண்மையை உணர்ந்த கவிஞர், தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, கும்மி எனப் பல வகைப் பாட்டுகளை மக்களின் வாயிலிருந்தே கேட்டுத் தொகுத்தார். அத்தொகுப்பு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் பெயரில் 1983-இல் நூலாயிற்று. மறு ஆண்டு, 19-11-1984 அன்று, அவர் மறைந்தார். படித்தவர் சிலர் இழிவென ஒதுக்கிய பாட்டை நூலேற்றியமையே அவர் செய்த அரசியல் தொண்டுகளுள் தலையாயது என்று நாம் கருதுகிறோம். பதவி ஐந்தாண்டில் முடிந்தது, நூல் நிற்கிறது.

நம் கதைக்கும் இதற்கும் நெருங்கிய உறவுண்டு. 30-10-1964 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. உற்றாரைப் பிரிந்தோர் கதறியழ, மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று. இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. தலைமன்னாரில் இறங்கி, ‘இராமானுஜம்’ கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமைக் கண்டவர்கள் பல்லாயிரவர். அவ்வாறு தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினரே பின்னர் வங்கக் கடலையும் தாண்டிக் கட்சாலில் ரப்பர்ப் பால் வெட்ட வந்தனர். தேயிலை மலையில் பிறந்த தாலாட்டு நிக்கோபார்த் தென்னை நிழலிலும் ஒலித்தது.

26-12-2004 அன்று வந்த ஆழிப்பேரலை கட்சாலில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களோடு எத்தனை பாட்டுகள் போயினவோ! எஞ்சிய முதியோரும் தளர்ந்து வருகின்றனர். வீட்டிற்கு வெளியே இந்தி பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு அப்பாட்டியரின் சொற்கள் பாதி விளங்குவதில்லை.

ஆகவே அன்பர்களே! கவிஞருக்குச் சிலை வேண்டாம். அவர் செய்த வேலையை நாம் தொடர்ந்தால் போதும். வீட்டிற்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுப்போம். பாட்டி பாடுவதைப் பாடியவாறே எழுதுவோம். ‘கோச்சி’ என்றால் கோச்சி என்றே எழுதுவோம், திருத்த வேண்டாம். பாடியவர் பெயரையும், அவர் வந்த தோட்டத்தின் பெயரையும், பாடும் வேளையையும் குறிப்போம். அடுத்த ஆண்டு விழா மலரில் வீட்டுக்கொரு பாட்டு வெளிவருமாயின், அதுவே நம் மக்களின் செப்பேடாகும்.

வாழ்க மக்கள் பாட்டு! வளர்க நம் தமிழ்ச் சங்கம்!