சாமையை விற்பதா, சாமை அரிசியை விற்பதா?

ஜவ்வாது மலை விவசாயப் பெருமக்களே, போளூர், செங்கம், ஆலங்காயம் பக்கத்து அடிவாரத்து நண்பர்களே!

இன்றைக்கு ஒரு பழைய சங்கதி சொல்லப் போகிறேன். நடந்த இடம் ஐரோப்பாவில் உள்ள டென்மார்க். எங்கேயோ இருக்கிற தேசத்துக்கும் நம்ம சாமைக் கொல்லைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

டென்மார்க் சின்ன நாடு. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் பரப்பு. அந்த விவசாயிகள் தானியம் விளைவித்து வெளிநாட்டுக்கு விற்று வந்தார்கள். 1870-க்கு மேல் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தானியம் மலிவாக வந்து குவிந்தது. விலை படுத்துவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தானியத்தை மூட்டையாக விற்பதைக் குறைத்துக்கொண்டு, அதையே மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போட்டார்கள். வெண்ணெயும் இறைச்சியும் தயார் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரம் 1878-இல் வந்தது. ஒரு குடும்பம் தனியாக வாங்கக்கூடிய சாமானா அது? இல்லை. அதனால் 1882-இல் யெடிங் என்ற கிராமத்து விவசாயிகள் ஒன்றுசேர்ந்து கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கினார்கள். பத்து வருஷத்துக்குள் இப்படி நூற்றுக்கணக்கான சங்கங்கள் முளைத்தன. இந்தச் சங்கங்களில் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, இருபது மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. லாபம் மட்டும் அவரவர் ஊற்றிய பாலுக்குத் தகுந்தபடி.

இந்தக் கூட்டுறவு நமக்கும் புதிசு இல்லீங்க. 1892-இல் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்குள்ள கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி அறிந்துவரச் சொன்னது. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே வருஷம் திரூரில் நம் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் பிறந்தது.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். சாமை இந்த மலையின் ஆதிப் பயிர். மேட்டு நிலத்தில் மழையை மட்டும் நம்பி, மூன்று மாசத்தில் கதிர் தரும். அப்படியிருந்தும் ஏன் குறைந்தது? ஒரு காரணம் உமி. சாமையின் உமி லேசில் போகாது. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, பெண்கள் கை ஓய்ந்துபோனது. இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பசித்த வீட்டுக்கு அது பெரிய துணை. அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் சாமைச் சோறு அடுப்பை விட்டு இறங்கிவிட்டது. விளைந்ததும் மூட்டையோடு கீழே போய்விடுகிறது.

இனி எதிர்காலம் எப்படி? பட்டணத்தார் சாமை அரிசியைத் தேடி வாங்குகிறார்கள். 2023-ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கடைக்காரர் விற்பது சாமை இல்லை, சாமை அரிசி. கல் பொறுக்கி, உமி நீக்கி, பையில் போடுகிறவருக்குத்தான் கூடுதல் காசு. அந்த வேலை கீழே நடந்தால் காசும் கீழேயே நின்றுவிடும். ஜமுனாமரத்தூரில் பழங்குடி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் இந்த வேலையை மலையிலேயே செய்யத் தொடங்கியிருக்கிறது. டென்மார்க்கில் ஆடை பிரிக்கும் இயந்திரம் செய்த காரியத்தை இங்கே உமி நீக்கும் இயந்திரம் செய்யவேண்டும்.

இதற்குச் சில பக்குவங்கள் உண்டு. மண் தரையில் அடிக்காமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ அடித்தால் கல் கலக்காது. நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டவேண்டும். உமியோடு இருக்கிற சாமை வருஷக்கணக்கில் கெடாது. அரிசியாக்கினால் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். ஆகவே விற்பனைக்குத் தகுந்த அளவு மட்டும் அவ்வப்போது அரைப்பது நல்லது. நூறு கிலோ சாமைக்கு ஏறக்குறைய அறுபது கிலோ அரிசி தேறும். விலை பேசும்போது இந்தக் கணக்கை மனசில் வையுங்கள். விதைக்கு நல்ல கதிரைத் தனியே எடுத்துவிடுங்கள். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தில் புது ரகங்கள் பற்றிக் கேட்டறியலாம்.

டென்மார்க் கதையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அங்கே பாதிக்கு மேல் நிலம் சாகுபடியில்தான். உரமும் சாணக் கழிவும் கடலில் இறங்கி மீன் வளம் கெட்டுப்போனது. 2024 நவம்பரில் அந்த நாட்டுப் பாராளுமன்றம் விளைநிலத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் காடாக்கவும், 2030 முதல் கால்நடைகள் வெளியிடும் வாயுவுக்கு வரி போடவும் முடிவு செய்தது. ஒன்றையே அளவுக்கு மீறிச் செய்தால் மண் கணக்குக் கேட்கும். சாமைக்கு விலை வருகிறது என்பதற்காகச் சரிவில் உள்ள மரத்தை வெட்டி உழவேண்டாம். கேழ்வரகு, அவரை, துவரை எல்லாம் கூடவே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. விற்கிற வேகத்தில் வீட்டை மறக்காதீர்கள். இயந்திரம் வந்தபிறகு குத்துகிற பாரம் பெண்களுக்கு இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளைகள் தட்டில் சாமைச் சோறு விழவேண்டும். நம்ம பிள்ளைகளுக்கு ருசி தெரியாத தானியத்தை, நாளைக்கு யார் விதைப்பார்கள்? அடுத்த ஆடிக்குள் ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.