மழைக்காலத்தில் குளிரும் கடல்: மலபார் மிதவையுயிரி ஆய்வின் வரலாறு

கோழிக்கோட்டிலிருந்து வயநாட்டு மலையேறி வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையை அடையும்போது தென்மேற்குப் பருவமழை வலுவிழந்திருக்கும். ஊர் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. மலைக்கு அப்பால், அதே பருவத்தின் காற்று கரையோர மேற்பரப்பு நீரை வெளிக்கடலுக்குத் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மலபார்க் கரை குளிர்நீர்க் கரையின் இயல்பைப் பெறுகிறது.

1887இல் ஜெர்மானியர் விக்டர் ஹென்சன் ‘பிளாங்டன்’ என்னும் சொல்லை ஆக்கினார். ‘அலைந்து திரிவது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அதன் வேர். தமிழின் ‘மிதவையுயிரி’யோ அலைதலை விடுத்து மிதத்தலைக் கொண்டது. ஹென்சன் ஆராய்ந்த வடகடல்களில் பருவத்தை வகுப்பது ஒளி. அங்குக் குளிர்காலத்தை ஆழத்தில் கழிக்கும் கலானஸ் என்னும் துடுப்புக்காலிகள், வசந்தத்தில் தாவர மிதவைகள் பெருகும்போது மேலேறுகின்றன. மலபாரில் ஒளிக்குக் குறைவில்லை. அங்குப் பருவத்தை வகுப்பது காற்று. முதலில் டயட்டம்கள் பெருகும். அவற்றை உண்டு துடுப்புக்காலிகளும் பிற விலங்கு மிதவைகளும் பெருகும்.

இவ்வேறுபாட்டை ஆராயத் தூண்டியது மத்தி மீன். சென்னை மாகாண மீன்வளத்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல், ராமசாமி நாயுடுவுடன் இணைந்து 1920களில் வெளியிட்ட ஆய்வு, மத்தியின் வாழ்க்கை வரலாற்றையும் மலபார் மிதவையுயிரிகளையும் ஒருங்கே பேசியது. 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1953இல் பி. சி. ஜார்ஜ் கோழிக்கோட்டுக் கரையோர மிதவையுயிரிகளை நீரியல் நிலைகளோடு சேர்த்து விவரித்தார். பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் விலங்கு மிதவை மாதிரிகளை வகைபிரிக்க, 1963இல் கொச்சியில் தனி மையமே அமைந்தது.

கேரளத்தின் மத்திப் பிடிப்பு 2012இல் சுமார் 4 லட்சம் டன். 2021இல் ஏறத்தாழ 3,300 டன். இச்சரிவுக்கு மிகைப்பிடிப்பு காரணமா, கடல் மாற்றம் காரணமா என்பது மீனவரின் வாழ்வைத் தொடும் வினா. பிடிப்புக் கணக்கு மட்டும் இதற்கு விடை தராது. மழைக்கால மிதவையுயிரிகள் எப்போது பெருகின, எவ்வளவு பெருகின என்னும் நீண்டகாலப் பதிவும் வேண்டும். கொந்தளிக்கும் கடலில் வலை வீசி மாதிரி எடுப்பது கடினமாகும் அதே மாதங்களே இவ்வினாவுக்கு இன்றியமையாதவை. பழைய பதிவுகளின் மதிப்பும், அவை அறுபடாமல் தொடர வேண்டியதன் தேவையும் இங்குதான் விளங்குகின்றன.