எல்லா வீட்டுக்கும் எட்டாத அலைவரிசை

அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டுகளில் பாலர் வகுப்பு பெரும்பாலும் வசதி படைத்தோர் பிள்ளைகளுக்கே வாய்த்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் எழுத்தும் எண்ணும் அறியாமலே முதலாம் வகுப்பில் காலெடுத்து வைத்தனர். 1965இல் அரசாங்கம் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் இடமில்லை. அப்போது ஏழை வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதையே வகுப்பறையாக்கலாம் என்று முனைந்தவர் தயாரிப்பாளர் ஜோன் கான்ஸ் கூனி.

1969 நவம்பர் 10இல் ‘செசமி ஸ்திரீட்’ ஒளியேறியது. சாதாரண நகரத் தெரு ஒன்று. அங்கே கோர்டன், சூசன் என்ற கறுப்பினத் தம்பதியர். பக்கத்திலேயே வெள்ளையர் ஹூப்பரின் கடை. இந்த அண்டை அயல் உறவைச் சிலரால் பொறுக்க முடியவில்லை. 1970இல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் நிகழ்ச்சியை ஒளிபரப்புவதில்லை என முடிவெடுத்தது. எல்லா இனத்தாரும் கலந்து நடிப்பதை ஏற்க மாநிலம் இன்னும் தயாராகவில்லை என்பது வெளியே கசிந்த காரணம். செய்தி நாடெங்கும் பரவ, சில வாரங்களில் ஆணையம் பின்வாங்கியது.

பேசப்படாத தடை வேறொன்று இருந்தது. பல நகரங்களில் கல்வி ஒளிபரப்பு யூ.எச்.எஃப் அலைவரிசையில்தான் வந்தது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த தலைநகர் வாஷிங்டனில் அது 26ஆம் அலைவரிசை. லாஸ் ஏஞ்சலிசில் 28. 1964இலிருந்து தயாரான பெட்டிகளில் அந்த வசதி கட்டாயம். அதற்கு முந்திய பழைய பெட்டி வைத்திருந்த பல வீடுகளில் தனி மாற்றுக் கருவி இல்லாமல் படம் தெரிய வழியில்லை. புதிய பெட்டி இருந்தாலும் தனி ஆன்டெனா இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். மிசிசிப்பியின் தடையைவிட இதுவே நெடுங்காலம் நீடித்த தடை எனலாம். ஆணையத்தைக் கண்டித்துச் செய்தி போடலாம். ஆன்டெனாவை யார் கண்டிப்பது?

கூனியின் குழு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. எவலின் டேவிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி தலைமையில் ஏழைக் குடியிருப்புகளில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு நடந்தது.

பலன் என்ன? வசதியுள்ள பிள்ளைகளே அதிகம் பார்க்கிறார்கள், இடைவெளி குறையாது என்று 1975இல் தாமஸ் குக் குழுவினர் நூலே எழுதினர். பின்னாளில் மெலிசா கர்னி, ஃபிலிப் லெவின் என்ற இரு பொருளியலாளர்கள் அலை நன்றாக எட்டிய வட்டாரங்களையும் எட்டாதவற்றையும் ஒப்பிட்டனர். 2019இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அலை எட்டிய வட்டாரத்துப் பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படித்தனர். அந்தப் பலன் கறுப்பினப் பிள்ளைகளிடமும் ஆண் பிள்ளைகளிடமும் கூடுதலாகத் தெரிந்தது.