தையல் போட்ட தலையும் தோல் பந்தும்

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதியாட்டத்தில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்றது. ஒரு கோல் பி.கே. பானர்ஜி, இன்னொன்று ஜர்னைல் சிங். ஜர்னைல் உண்மையில் தடுப்பாட்டக்காரர். அதே தொடரில் தாய்லாந்தோடு ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை, சென்டர் ஃபார்வர்டாக முன்னால் இறக்கிவிட்டார். அரையிறுதியிலும் ஒரு கோல், இறுதியிலும் ஒரு கோல்.

நம்ம ஊரில் இதை வீரக்கதையாகத்தான் சொல்வோம். இன்றைக்கு ஒரு நரம்பியல் மருத்துவர் கேட்டால், தையல் போட்ட தலையோடு ஏன்யா இறக்கினீங்க என்பார். ரஹீமைக் குறை சொல்வதற்கில்லை. குத்துச்சண்டைக்காரர்களின் மூளை கலங்கிப்போவதைப் பற்றி ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928இலேயே எழுதிவிட்டார். ஆனால் கால்பந்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. காலால் ஆடும் ஆட்டத்தில் தலைக்கு என்ன வந்துவிடப் போகிறது?

சேர்க்கவைத்தது ஒரு சாவு. ஜெஃப் ஆஸ்டில், வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியன் அணிக்காக 174 கோல் அடித்தவர். ஹெட்டர் அடிப்பதில் பேர் போனவர். ஐம்பதுகளின் நடுவிலேயே மறதி நோய் பிடித்துக்கொண்டது. கடைசியில் தான் கால்பந்து ஆடியவன் என்பதே அவருக்கு நினைவில் இல்லை. 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி எழுதிய காரணம், தொழில்வழி நோய்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரனுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. நூற்பாலையில் பஞ்சுத்தூசியைச் சுவாசித்து இருமும் மனிதர்கள் இல்லாத தெரு எங்கள் வட்டாரத்தில் குறைவு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அந்த நோய்க்கு ஓர் இடம் இருந்தது. இடம் கிடைத்தால்தான் இழப்பீடு கேட்க முடியும். ஆலைக்காரருக்குப் பஞ்சு, ஆஸ்டிலுக்குப் பந்து.

2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லி ஸ்டூவர்ட் ஆஸ்டிலின் மூளையை மறுபடி ஆராய்ந்து, குத்துச்சண்டைக்காரர்களிடம் காணும் அதே சிதைவு என்றார். மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே நரம்பிழைகள் இழுபடுகின்றன. வருஷக்கணக்கில் நடந்தால் டௌ என்ற புரதம் மூளை மடிப்புகளின் ஆழத்தில் சேர்கிறது. பொறியியல் படித்தவர்களுக்கு உலோகச் சோர்வு ஞாபகம் வரும். சார்ஜர் வயர் ஒரே இழுப்பில் அறுவதில்லை, தினமும் ஒரே இடத்தில் மடங்கித்தான் போகிறது.

ஸ்டூவர்ட் குழுவின் பெரிய ஆய்வு 2019இல் வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேர், ஒப்பிடப் பொதுமக்கள் 23,028 பேர். மூளைச்சிதைவு நோயால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் மூன்றரை மடங்கு. இதய நோய்ச் சாவும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவும் குறைவு என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதை விட்டுவிட்டுப் பேசினால் நியாயமில்லை.

2021இல் அதே ஆட்டக்காரர்களை ஆடிய இடத்தை வைத்துப் பிரித்தார்கள். தடுப்பாட்டக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்கோ மற்ற மக்களிடமிருந்து குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. உயர்ந்து வரும் பந்துக்கெல்லாம் தலை கொடுப்பவர் ஒருவர், கை கொடுப்பவர் இன்னொருவர். ஹெட்டர்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் சந்தேகம் வேறு பக்கம் போக அதிகம் வழியும் இல்லை.

ஜகார்த்தாவில் நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் வளர்ந்தவர். முதலில் சென்டர் ஃபார்வர்ட், பிறகுதான் கோல்கீப்பர். ஒரே இறுதியாட்டத்தில் ஒருவர் பின்னாலிருந்து முன்னே வந்திருக்கிறார், ஒருவர் முன்பே முன்னாலிருந்து பின்னே போயிருக்கிறார்.

பி.கே. பானர்ஜி 2020 மார்ச் 20இல் 83 வயதில் இறந்தபோது, மருத்துவமனை அறிக்கையில் பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் இருந்தன. இதைப் பந்தின் கணக்கில் எழுத எனக்குத் தயக்கம். அவர் ஓரத்தில் ஓடிப் பந்தைத் தூக்கிப்போடும் விங்கர். 83 வயதில் மறதி யாருக்கும் வரலாம். இந்தச் சிதைவை இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

பழைய தோல் பந்துதான் வில்லன், இப்போதைய பந்து லேசு என்று சொல்பவர்கள் உண்டு. விதிப்புத்தகப்படி 1937 முதல் பந்தின் எடை 14 முதல் 16 அவுன்ஸ்தான், இன்றும் அதேதான். தோல் பந்து மழையில் நனைந்தால் கனத்தது, உண்மை. (எங்கள் கரிசல் காட்டில் மழைக்கு எங்கே போக, கருவேல முள்தான் பந்துக்கு எமன்.) கனத்த பந்து மெதுவாக வந்தது. நனையாத பந்து வேகமாக வருகிறது. ஆற்றல் எடையோடு நேராகவும் வேகத்தோடு இருமடியாகவும் ஏறும் என்பது பதினோராம் வகுப்புப் பாடம்.

அமெரிக்காவில் 2015இல் பத்து வயதுக்கும் கீழே ஹெட்டரைத் தடை செய்தார்கள். 2020 பிப்ரவரியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் பதினொரு வயது வரை பயிற்சியில் ஹெட்டர் வேண்டாம் என்றன. பயிற்சி என்பதுதான் முக்கியம். ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஐந்தாறு ஹெட்டர் வந்தால் அதிகம். வரிசையில் நிற்கவைத்து பி.டி. வாத்தியார் தூக்கிப்போடும்போது கால் மணி நேரத்திலேயே முப்பது தாண்டிவிடும்.