தோள் சுழல்தசைக் காயம்

தோள் சுழல்தசைக் காயம் என்பது, வைத்தியர் ‘ரொட்டேட்டர் கஃப்’ என வழங்கும், தோள்பட்டை எலும்பினின்று புறப்பட்டு மேற்கையெலும்பின் தலையைச் சூழ்ந்து பற்றும் நான்கு தசைகளின் நாண்களில் நேரும் நைவு அல்லது கிழிவாகும். அவற்றுள் சூப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நாணே பெரும்பாலும் பழுதுறுகிறது. விபத்தால் அறுவதும், வயோதிகத்தில் தேய்ந்து கிழிவதும் என இது இருவகைப்படும். கையை உயர்த்துகையில் நோவும், அத்தோளின்மீது சாய்ந்து படுக்கையில் இரவு வலியும் பிரதான லட்சணங்கள்.

நாண் கிழிந்தோர் யாவருக்கும் சஸ்திர சிகிச்சை அவசியமன்று. 60 வயது கடந்தோரிடம் வலியே தராத கிழிவுகளும் சாதாரணமாகக் காணப்படுவதால், தேய்வினால் வந்ததற்கு முதலில் ஓய்வையும், எஞ்சிய தசைகளை உறுதிப்படுத்தும் அப்பியாசத்தையும் சில மாதங்கள் கைக்கொள்வதே உசிதம். விபத்தில் முழுதும் அறுந்த நாணையோ, தாமதித்தால் தசை சுருங்கிக் கொழுப்பேறுமாதலால், விரைவில் தைத்தல் நலம். சிறு துளை வழியே, மூட்டின் உட்புறத்தைக் காட்டும் ஆர்த்ரோஸ்கோப்பைச் செலுத்தி நாணை எலும்பில் பிணைப்பது தற்கால முறை. பின்னர் 4 முதல் 6 வாரம் கையைக் கழுத்துப் பட்டியில் தாங்கி, முதலில் பிறர் அசைக்கவும், அப்பால் தானே அசைக்கவும், ஏறத்தாழ மூன்றாம் மாதத்திலிருந்து சிறு பளு ஏற்கவும் பழக்குவர். நாண் எலும்போடு பற்றுதல் மந்தமாகவே நிகழ்வதாகையால், வலி தணிந்ததை நம்பிப் பாரம் தூக்குவது தைத்ததை மீண்டும் கிழிக்கக்கூடும். பூரண பலம் திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு செல்லும்.

போஸ்டன் நகரத்து ரணவைத்தியர் எர்னஸ்ட் அமோரி காட்மன் 1909-இல் இந்நாணைத் தைத்து, அதனை 1911-இல் வெளியிட்டார். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டும் அப்பியாசம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.