வளையும் கோடுகள்

வயதானவர்களுக்குப் பார்வை மங்கினால் எங்கள் காரைக்குடிப் பக்கம் முதலில் வரும் சொல் 'புரை'. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண் முகாம்கள் ஊர் ஊராகப் போயின. 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையை வெகுவாகக் குறைத்தது. ஒரு அறுவைச் சிகிச்சை, ஒரு லென்ஸ், பார்வை திரும்பிவிடும்.

முதுமையின் இன்னொரு கண் நோய் இந்தக் கதைக்குள் அடங்கவில்லை. 1874இல் லண்டனில் ஹட்சின்சனும் வாரன் டேயும் முதியவர்களின் விழித்திரை மையம் சிதைவதை விவரித்தார்கள். இன்று அதை மாகுலர் டீஜெனரேஷன் என்கிறோம். இதில் நடுப்பார்வை போகும், ஓரப்பார்வை இருக்கும்.

புரை எடுத்த பிறகும் என் அப்பத்தா, "பேசுனாத்தான் யாருன்னு தெரியுது" என்பார். ஆனால் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை எதிலும் இடிக்காமல் நடப்பார். ஒருநாள், "ஆத்தங்குடிக் கல்லு ஓரமெல்லாம் நெளியுதுடா" என்றார். மதுரையில் டாக்டர் ஒரு கட்டத்தாளை நீட்டிக் கேட்டதும் அதைத்தான்: "கோடு வளையுதா?" சுவிஸ் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் 1940களில் கொண்டுவந்த சோதனை அது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிவது ஈர வகை. முன்பு லேசரால் சுட்டார்கள். அது தழும்பை விட்டுச்சென்றது. 2004இல் குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் மருந்தை, அடுத்த ஆண்டே கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2006இல் கண்ணுக்கென்றே ரானிபிசுமாப் வந்தது. விலையில் பெரிய வித்தியாசம். பலனில் ஏறக்குறைய சமம் என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உலர் வகைக்கு இந்த ஊசி உதவாது.

ஆனால் இது ஒருமுறையோடு முடிவதில்லை. முதலில் மாதாமாதம், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் போட வேண்டும். புரைக்கு முகாம் ஊர் தேடி வந்தது. இதற்கு முதியவர் திரும்பத் திரும்ப மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். செட்டிநாட்டின் எத்தனையோ பெரிய வீடுகளில் இன்று இருப்பது ஓரிரு முதியவர்கள்தான்; பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். மருந்து வந்துவிட்டது. அடுத்த மாதமும் கூடப் போக ஆள் இருக்கிறதா என்பதில்தான் பலருடைய பார்வை நிற்கிறது.