ஒரு கமராவின் ஆயுளை யார் தீர்மானிப்பது?

போலரொய்ட் கம்பனியின் 600 ரக பிலிம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் புடைப்புகள் தெரியும். படம் எடுக்கிறதுக்கு அவற்றால் எந்த உதவியும் இல்லை. அதே கம்பனி அதற்கு முதல் செய்த எஸ்எக்ஸ்-70 கமராவுக்குள் இந்தப் பெட்டி போகக்கூடாது, அதுக்காகத்தான் அவை இருக்கு. மற்றப்படி இரண்டு பெட்டியும் ஒரே அளவு. இந்தப் புடைப்புகளைச் சுற்றி நடந்த கதையைத்தான் இதில் எழுதுகிறோம். கமராவைப் பற்றிய கதைதான் என்றாலும், ஒரு பொருள் காலாவதியாகிவிட்டது என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கு என்ற கேள்வியும் இதற்குள் இருக்கு.

எட்வின் லாண்ட் 1937 இல் தொடங்கிய கம்பனி போலரொய்ட். எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கும் முறையை அவர் 1947 இல் நியூயோர்க்கில் செய்து காட்டினார். அடுத்த வருடம் அந்தக் கமரா பொஸ்டனில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்து உடனடிப் படத்துக்கு வேலை கூட. படத்தை இழுத்தெடுக்க வேணும், நேரம் பார்த்துக் காத்திருக்க வேணும், தாளை உரிக்க வேணும், உரித்த குப்பையையும் எறிய வேணும். 1972 இல் வந்த எஸ்எக்ஸ்-70 இதையெல்லாம் இல்லாமல் செய்தது. மடித்தால் கோட் பைக்குள் அடங்கிவிடும். பொத்தானை அழுத்தினால் மோட்டர் படத்தை வெளியே தள்ளும், படம் வெளிச்சத்தில் கண் முன்னாலேயே தெளியும். மோட்டருக்கான பற்றரிகூட பிலிம் பெட்டிக்குள்ளேயே தட்டையாக வைக்கப்பட்டிருந்தது. விலை 180 டொலர்.

அமெரிக்கப் பெருமந்த காலத்துக் கிராமத்துக் குடும்பங்களைப் படமெடுத்துப் பெயர்பெற்ற வோக்கர் எவன்ஸ், தன் கடைசி வருடங்களில் இந்தக் கமராவால் 2,000க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். லூகஸ் சமாரஸ் என்ற கலைஞர் இன்னொரு வேலை செய்தார். படம் தெளிகிறபோது உள்ளே ஈரமாக இருக்கும் சாயத்தை வெளியிலிருந்து அழுத்திக் கலைத்துத் தன்னுடைய உருவத்தையே உருக்குலைத்தார். அப்படிச் செய்யச் சொல்லிக் கமராவோடு வந்த கைநூல் ஒன்றும் சொல்லித்தரவில்லை. கம்பனி நினைக்காத பாவனை இந்தக் கமராவுக்குத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

அதன் பெரிய குறை வெளிச்சப் பசி. எஸ்எக்ஸ்-70 பிலிமின் வேகம் கிட்டத்தட்ட ஐஎஸ்ஓ 160. வெளியில் நல்ல வெயிலுக்கு அது போதும். வீட்டுக்குள்ளே வந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேணும், கை ஆடினால் படம் கலங்கிவிடும். அதுக்குத் தீர்வாக வந்தது, ஒவ்வொரு பல்பும் ஒரே தடவை எரிகிற, பத்து பல்பு வைத்த பிளாஷ் பட்டை. 1981 இல் கம்பனி 600 பிலிமைக் கொண்டுவந்தது. அதன் வேகம் ஐஎஸ்ஓ 640, அதாவது நான்கு மடங்கு. பழையதுக்குத் தேவைப்பட்ட வெளிச்சத்தில் கால்வாசியே இதுக்குப் போதும்.

அப்ப ஏன் அந்தப் புடைப்புகள்? இதில் சதி ஒன்றும் இல்லை. எஸ்எக்ஸ்-70 இன் முன்பக்கத்தில் ஒரு ஒளியுணரி இருக்கு. எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று அது கணக்குப் பார்க்கும், போதும் என்ற அளவு வந்ததும் ஷட்டர் மூடும். உள்ளே என்ன பிலிம் இருக்கு என்று அதுக்குத் தெரியாது. 600 பிலிமைப் போட்டாலும் பழைய பிலிமுக்குரிய வெளிச்சத்தையே, அதாவது தேவையைப்போல நான்கு மடங்கைக் கொடுத்துவிடும். படம் வெளிறிப்போய் வரும். விசயம் தெரியாமல் வாங்குகிறவர் காசை வீணாக்காமல் இருக்கத்தான் அந்தத் தடை.

ஆனால் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விசயம் இருக்கு. 1982 இல் கம்பனி எஸ்எல்ஆர் 680 என்ற கமராவை வெளியிட்டது. அதே எஸ்எக்ஸ்-70 இன் மடிக்கும் வடிவமைப்பில், 600 பிலிமுக்கு ஏற்ற கணக்கோடும், கூடவே பொருத்திய பிளாஷோடும் அது வந்தது. பழைய உடம்புக்குப் புதிய பிலிம் பொருந்தும் என்று கம்பனியே நிரூபித்துவிட்டது. பழைய கமரா வைத்திருந்தவர்களுக்கும் அவர்களுடைய பிலிம் கடையில் கிடைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை.

இழப்பு பிறகுதான் வந்தது. 2001 இல் போலரொய்ட் வங்குரோத்தானது. 2006 அளவில் எஸ்எக்ஸ்-70 பிலிம் நின்றுபோனது. 600 மட்டும் தொடர்ந்து வந்தது. முன்பு பாவனையாளரைக் காப்பாற்றிய அதே புடைப்புகள், இப்ப நல்லா வேலை செய்கிற ஒரு கமராவின் வாயை அடைக்கிற பூட்டாக மாறின. புடைப்பில் ஒன்றும் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த சந்தைதான் மாறிவிட்டது.

பாவனையாளர்கள் கண்டுபிடித்த வழிகள் எளிமையானவை. முதலாவது, பெட்டியை உள்ளே விடுவது. புடைப்புகளைக் கத்தியால் சீவிவிடலாம், அல்லது மெல்லிய அட்டையை அடியில் வைத்து அதன் மேல் பெட்டியை வழுக்கிவிடலாம். இரண்டாவது, வெளிச்சத்தைக் குறைப்பது. கால்வாசி வெளிச்சத்தை மட்டும் விடுகிற சாம்பல் நிற பில்டர் ஒன்றைப் பிலிம் பெட்டியின் மேல் ஒட்டுவார்கள். லென்சின் முன்னாலும் ஒட்டலாம், ஆனால் லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கிற கமரா என்பதால் பார்க்கிற காட்சியும் சேர்ந்து இருண்டுவிடும். இந்த வழியில் படம் சரியாக வரும். ஆனால் ஐஎஸ்ஓ 640 பிலிமை வாங்கி 160 ஆக்கி எடுக்கிறோம். வேகம் வீண்.

மூன்றாவது வழிதான் உண்மையான மாற்றம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்காத கலைப்பீடத்துக்காரர் எங்களுக்கே விளங்கின விதத்தில் சொல்கிறோம். ஒளியுணரியில் இருந்து வரும் மின்னோட்டம் ஒரு கொள்ளளவியை நிரப்பும். அது குறித்த மட்டத்துக்கு நிரம்பினதும் ஷட்டர் மூடும். வாளியைக் குழாயடியில் வைத்த மாதிரித்தான். வாளியின் கொள்ளளவைக் கால்வாசியாக்கினால் கால்வாசி நேரத்தில் நிரம்பிவிடும். அதேபோல அந்தக் கொள்ளளவியை எடுத்துவிட்டுச் சிறியது ஒன்றைப் பற்றவைத்தால், ஷட்டர் கால்வாசி வெளிச்சத்திலேயே மூடும். முன்பு ஒரு செக்கனில் 15 இல் ஒரு பங்கு திறந்திருந்த இடத்தில் இப்ப 60 இல் ஒரு பங்கு போதும். பிளாஷ் இல்லாமல், கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் படம் எடுக்கலாம். 1982 இல் கம்பனி செய்ததை, கால் நூற்றாண்டு கழித்து ஆட்கள் மேசையில் ஈயப்பற்றுக்கோலோடு இருந்து செய்தார்கள்.

2008 இல் போலரொய்ட் பிலிம் உற்பத்தியை முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த தொழிற்சாலை மூடப்படுகிற நேரத்தில், அங்கே வேலை செய்த அந்திரே பொஸ்மனும், ஒஸ்ரியரான ஃபுளோரியன் காப்ஸும் சேர்ந்து இயந்திரங்களை வாங்கினார்கள். முன்னாள் ஊழியர் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். தொடங்கிய திட்டத்துக்கு வைத்த பெயர் 'இம்பொசிபிள்', முடியாதது. பழைய இரசாயனங்கள் பல கிடைக்காததால் பிலிமைப் புதிதாக உருவாக்கி, 2010 இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு எஸ்எக்ஸ்-70 பிலிம், 600 பிலிம் இரண்டுமே திரும்பக் கிடைக்கிறது. பெட்டிக்குப் பத்துப் படம் இருந்தது எட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

தொழில்நுட்ப வரலாறு என்றால் எங்களுக்குப் படிப்பிக்கிறது பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் பெயரும் வருடமும்தான். டேவிட் எட்ஜெர்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் 2006 இல் வெளியிட்ட நூலில் இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டார். கண்டுபிடிப்பை விடப் பாவனையையும் பராமரிப்பையும் பார்க்க வேணும் என்பது அவருடைய வாதம். அந்தக் கண்ணால் பார்த்தால் எஸ்எக்ஸ்-70 இன் வரலாறு 1972 இல் லாண்டோடு முடிவதில்லை. புடைப்பைச் சீவியவர், கொள்ளளவியை மாற்றியவர், மூடப்போன தொழிற்சாலையில் இயந்திரத்தை விட்டுப் போக மறுத்தவர் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள்.

நல்லா இருக்கிற போனுக்கு இனி அப்டேற் வராது என்று அறிவித்த அன்றே அது பழசாகிவிடுகிற காலத்தில் நாங்கள் இருக்கிறோம். உள்ளே என்ன இருக்கு, அதை மாற்றினால் என்ன நடக்கும் என்று திறந்து பார்க்கிறதும் கம்பனியின் அறிவித்தலுக்குக் கொடுக்கிற ஒரு பதில்தான். எல்லாராலும் ஈயம் பற்றவைக்க ஏலாது. ஆனால் விற்றவன் 'முடிஞ்சுது' என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடாது என்று தெரிஞ்சு வைத்திருக்க எல்லாராலும் ஏலும்.